எமிலி டிக்கின்ஸன் அம்மையாரின் அடுக்களை

அமெரிக்க ஐக்கிய நாட்டில், மாசாச்சுஸெட்ஸ் மாகாணத்தில், ஆம்ஹர்ஸ்ட் என்னும் சிற்றூர் ஒன்றுளது. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அவ்வூராரை அணுகி, டிக்கின்ஸன் துரையின் மூத்த மகளார் எதில் வல்லவர் என்று வினவியிருப்பின், ரொட்டி சுடுவதில் வல்லவர் என்றே பலரும் விடை பகர்ந்திருப்பர். அவர் கவி பாடுபவர் என்பதை அறிந்தார் மிகச் சிலர். இன்றோ ஆங்கிலக் கவிஞர் வரிசையில் அவர் பெயர் முன்னணியில் நிற்கின்றது. அவர் சுட்ட ரொட்டியை நினைப்பார் அரியர். இரண்டும் ஒரே கையின் செயல்களாதலின், அடுக்களை வாயில் வழியே புகுந்து அவர் வரலாற்றைச் சிறிது கூறத் துணிந்தேன்.

எமிலி 1830-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 10-ஆம் நாள் பிறந்தார். பாட்டனார், ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியை நிறுவியோருள் ஒருவர். தந்தையார் எட்வர்டு டிக்கின்ஸன் வழக்கறிஞர். அக்கல்லூரியின் பொருளாளராகப் பல்லாண்டு பணிபுரிந்தவர். அமெரிக்கக் காங்கிரஸ் மகாசபையிலும் ஒருமுறை அங்கத்தினராக இருந்தவர். ஆஸ்டின் என்னும் தமையனாரும், லவீனியா என்னும் தங்கையாரும் எமிலிக்கு உடன்பிறந்தோர்.

1847-ஆம் ஆண்டில் எமிலி மவுண்ட் ஹோலியோக் பெண்கள் கலாசாலையில் சேர்ந்தார். மேரி லயன் அம்மையார் நிறுவிய அக்கலாசாலையினின்று அயல் நாடுகளுக்குத் திருத்தொண்டு புரியச் சென்ற மகளிர் பலர். சம்பளத்தைக் குறைக்கும் பொருட்டு அங்கே வேலையாட்களை அமர்த்தாது மாணவியரே வீட்டுப் பணிகளைப் பகிர்ந்து செய்தனர். எமிலிக்குக் கிடைத்தது உணவு மேசைக் கத்திகளைக் கொணர்வதும் கழுவித் துடைப்பதுமாகிய வேலை. விடுதிப் பந்தியில் கைகழுவி எழுந்துவிடும் நமக்கு அது சற்று நாணத்தைத் தருவதே.

அக்கலாசாலையில் மற்றொன்றும் நிகழ்ந்தது. மாணவியரை அவர்தம் ஆத்தும நிலைக்கேற்ப மூவகையினராகப் பிரித்தனர். எமிலி நம்பிக்கையற்றோர் என்னும் கடைவகுப்பில் வைக்கப்பட்டார். தோழியர் பலர் மனந்திரும்பி அறிக்கையிட்ட காலத்தும், தாம் உணராததை உணர்ந்ததாகச் சொல்ல அவர் ஒருப்படவில்லை. ஓராண்டு முடியுமுன் வீடு திரும்பினார். இறுதிவரை எச்சபையிலும் அங்கத்தினராகச் சேரவுமில்லை. நாள்தோறும் ஜெபக்கூடத்து மணியோசை கேட்டு எழும் எனக்கு இச்செய்தியை முதன்முதல் படித்தபோது மனம் கலங்கிற்று. பின்பு அவரது வாழ்க்கையின் எஞ்சிய பகுதியைப் படித்தேன்.

1855-ஆம் ஆண்டில் குடும்பத்தார் பாட்டனார் கட்டிய பழைய செங்கல் வீட்டிற்கு மீண்டனர். அக்காலத்தே அன்னையார் நோய்வாய்ப்பட்டுப் பல ஆண்டுகள் தளர்ந்திருந்தமையின், இல்லத்தின் சுமை பெண்மக்கள் இருவர்மேலும் விழுந்தது. பெருக்குதலும் துடைத்தலும் எமிலிக்குச் சிறிதும் பிடியாதவை. அவற்றைத் தங்கையார்பால் விட்டு, மாவையும் அடுப்பையும் தாம் ஏற்றுக்கொண்டார். தந்தையார் கண்டிப்பு மிக்கவர். அன்பை வாய்விட்டுக் கூறும் இயல்பினர் அல்லர். ஆனால் எமிலி சுட்ட ரொட்டியன்றிப் பிறர் சுட்டது அவருக்கு இறங்காது. ஆகவே வீட்டு ரொட்டி முழுவதும் எமிலியின் பொறுப்பாயிற்று. அத்தந்தைக்கும் மகளுக்கும் இடையே நாவினும் ரொட்டியே மிகுதியாகப் பேசிற்றுப் போலும்.

அவ்வீட்டார் வழிவழியாகச் சொல்லிவந்த கதை ஒன்றுண்டு. விளிம்பு உடைந்த தட்டு ஒன்று நாள்தோறும் தம்முன்னரே வைக்கப்படுகின்றது என்று தந்தையார் ஒருநாள் குறைகூறினாராம். எமிலி மறுமொழி கூறாது தட்டை எடுத்துத் தோட்டத்திற்குச் சென்று, ஒரு கல்லின்மேல் வைத்துத் தூள்தூளாக உடைத்தார். இனி மறந்தும் அதைத் தந்தைமுன் வைத்துவிடாமைக்காக என்று காரணமும் கூறினார். இஃது அன்போ, சினமோ? இரண்டும் கலந்ததென்றே எனக்குத் தோன்றுகின்றது.

ரை என்னும் தானிய மாவையும் மக்காச்சோள மாவையும் கலந்து சுடும் ரொட்டி அந்நாட்டு உழவர் உணவு. நிறம் கறுத்தது, கனத்தது. 1856-ஆம் ஆண்டில் ஆம்ஹர்ஸ்டில் நடந்த கால்நடைக் கண்காட்சியில் இவ்வகை ரொட்டிக்கு எமிலி இரண்டாம் பரிசு பெற்றார். பரிசுத்தொகை 75 செண்டு. மறுஆண்டு அவரையே ரொட்டிகளைச் சோதிக்கும் நடுவருள் ஒருவராக அமர்த்தினர். கவிதைக்காக அவர் தம் வாழ்நாளில் ஒரு பரிசும் பெற்றதில்லை.

ஆண்டுகள் செல்லச்செல்ல எமிலி வெளியே செல்வதைக் குறைத்தார். கண்ணோய்க்கு மருத்துவம் செய்துகொள்ள 1864, 1865-ஆம் ஆண்டுகளில் பாஸ்டனுக்குச் சென்று திரும்பியபின் ஊர் எல்லையைக் கடந்ததாகத் தெரியவில்லை. வெண்ணிற ஆடையே உடுத்தார். வந்தவர் பலரையும் நேரிற் காணாது கதவின் மறைவிலிருந்து பேசினார். அவரை மனிதரை வெறுத்தவர் என்று எழுதினோரும் உளர். அங்ஙனம் எழுதியோர் அவ்வீதிச் சிறுவரை வினவினாரல்லர். தோட்டத்தில் அவர்கள் விளையாடும்போது மேல்மாடிச் சன்னலினின்று கயிற்றில் கட்டிய கூடை ஒன்று மெல்ல இறங்கும். அதனுள் சுக்குத்தூளும் கரும்புப் பாகும் கலந்து சுட்ட இஞ்சி ரொட்டி இருக்கும். போதகர் மகனாகிய மக்ரெகர் ஜென்கின்ஸ் என்பவர் அச்சிறுவருள் ஒருவர்; முதுமையெய்தியபின் 1930-ஆம் ஆண்டில் இந்நினைவுகளைத் தனிநூலாகவே எழுதி வெளியிட்டார்.

நோயுற்றோர் வீட்டிற்கும் துக்கம் நிகழ்ந்த வீட்டிற்கும் எமிலியின் பலகாரம் செல்லும். உடன் ஒரு மலரும் நாலுவரிச் சீட்டும் செல்லும். சபையின் திருப்பந்தியில் அமராத அவர், பிறர்தம் பந்திகளுக்குத் தம் கையால் அனுப்பிக்கொண்டே இருந்தார். இதனை எவ்வகுப்பிற் சேர்ப்பதென்று மேரி லயன் அம்மையார் இருந்திருந்தால் கேட்டறியலாம்.

அவர் 1883-ஆம் ஆண்டில் ஒருவருக்கு எழுதியனுப்பிய கரிய கேக்கின் குறிப்பு இன்றும் உளது. மாவு 2 இராத்தல், சர்க்கரை 2 இராத்தல், வெண்ணெய் 2 இராத்தல், முட்டை 19, உலர்ந்த திராட்சை 5 இராத்தல். இவற்றோடு சாதிக்காய், சாதிபத்திரி, கிராம்பு, இலவங்கப்பட்டை, கரும்புப் பாகு, அரைப் பைண்டு பிராந்தி. நம் இல்லங்களில் கிறிஸ்துமஸுக்குச் செய்யும் கேக்கின் மூத்த தமக்கை எனலாம். நம் விடுதி முழுமைக்கும் ஒரு கேக்கே போதும். பிராந்தியை மட்டும் விடுதித் தலைவர் இசையார்.

இனிக் கவிதைக்கு வருவோம். அவர் எழுதுவதற்குத் தனி ஏடு தேடியவரல்லர். கடித உறைகளின் உட்புறம், சாக்லேட் சுற்றிவந்த தாள், அடுக்களைச் சீட்டு ஆகிய யாவும் அவருக்கு ஏடுகளே. பால் ஏடு எடுக்கும் குளிர்ந்த உக்கிராண அறையில் வேலையினிடையே கவிகளைப் புனைந்து படித்துக்காட்டுவார் என்றும், தாம் கதவின் பின்னே சிறுமணைமேல் அமர்ந்து கேட்டு மகிழ்ந்ததுண்டு என்றும், அவர்தம் சிற்றப்பன் சிற்றன்னை மக்கள்முறையினரான லூயிஸா நார்க்ராஸ் பிற்காலத்தில் எழுதியுள்ளார். தேங்காய்க் கேக்கின் அளவுகள் எழுதிய தாளொன்றின் பின்புறத்தே, மீண்டு வாராதவற்றைப் பற்றிய கவி ஒன்று காணப்படுகின்றது. தேங்காய் நமக்குக் கொல்லையில் விழுவது. அப்பனி நாட்டினர்க்கோ வெப்ப நாடுகளினின்று கப்பலேறி வரும் பொருள்.

இவற்றைக் கொண்டு, அடுக்களையே அவர் கவியை வளர்த்தது என்று கூறி மகிழ்வது எளிது. அது பாதி உண்மையே. 1865-ஆம் ஆண்டில் பணிப்பெண் மணம்புரிந்து நீங்கினார். 1869-இல் மார்கரெட் மேஹர் என்னும் ஐரிஷ் நங்கை வரும்வரை நிலையான பணிப்பெண் இல்லை. அதற்கு முந்திய சில ஆண்டுகளில் நூற்றுக்கணக்காய்ப் பெருகிய கவிகள் அந்நான்கு ஆண்டுகளில் மிகச் சுருங்கின. வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். ஆயினும் ரொட்டிக்கு மாவு பிசையும் கை அந்நேரத்தில் எழுதுகோலைப் பிடிக்க இயலாது. நம் அன்னையருள் எவரெவர் எதையெதை எழுதாது விட்டனரோ!

1874-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தந்தையார் பாஸ்டனில் திடீரென இறந்தார். மறுஆண்டில் அன்னையார் பக்கவாதத்தால் வீழ்ந்தார். 1882-இல் அவர் மறையும்வரை ஏழாண்டுகள் மகளிர் இருவரும் அருகிருந்து ஊட்டிப் பேணினர். முன்னர் அன்னைக்கும் எமிலிக்கும் அத்துணை நெருக்கமில்லை. அன்னை குழவிபோல் ஆனபின்பே அன்பு பெருகிற்று. 1883-ஆம் ஆண்டு அக்டோபரில் தமையனாரின் இளைய மகன் கில்பர்ட், எட்டு வயதுச் சிறுவன், விஷக்காய்ச்சலில் கிடந்தான். பல ஆண்டுகளாகப் பக்கத்து வீடாகிய தமையன் இல்லத்திற்கும் செல்லாதிருந்த எமிலி, அன்றிரவு தோட்டத்தைக் கடந்து அவன் படுக்கையருகே சென்றார். அவனுக்குக் கொடுக்கக்கூடிய பலகாரம் ஏதும் அன்று இல்லை. சிறுவன் இறந்தான். எமிலி நோயோடு திரும்பினார். பின்னர் முழுநலம் பெறவேயில்லை.

1886-ஆம் ஆண்டு மே 15-ஆம் நாள் அவர் காலமானார். வெண்ணிறப் பேழையை அவ்வீட்டில் வேலைசெய்த ஐரிஷ்காரர் அறுவர் சுமந்து, பின்வாயில் வழியே வெளியேறி, மஞ்சட்பூக்கள் மலர்ந்த வயல்களினூடே கல்லறைக்குக் கொண்டுசென்றனர்.

சில நாட்களுக்குப்பின் லவீனியா தமக்கையாரின் அறையைத் திறந்து பார்த்தபோது, கையால் தைக்கப்பட்ட சிறு ஏடுகள் ஏறத்தாழ நாற்பதும் தனித்தாள்கள் பலவும் கிடைத்தன. கவிகள் ஏறக்குறைய 1,800. வாழ்நாளில் அச்சேறியவை பத்தளவே, அவையும் பெயரின்றி. முதற்றொகுதி 1890-இல் வெளிவந்தது. யாவற்றையும் திரட்டிய பதிப்பு 1955-இல்தான் வந்தது. கரிய கேக்கின் குறிப்பு ஹார்வர்டு சர்வகலாசாலையில் உளது. தேங்காய்க் கேக்கின் தாளோ, அவர் பாட்டனார் நிறுவிய ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியிலேயே, ஒருபுறம் மாவும் வெண்ணெயும் மறுபுறம் கவியுமாகப் பாதுகாக்கப்பட்டு வருகின்றது.