திரும்பி வந்த மேன்லி

அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தில், மரணப் பள்ளத்தாக்கு என்று ஒரு பாலைவனம் இருக்கிறது. அதன் அடிப்பகுதி கடல் மட்டத்தைவிட 282 அடி தாழ்ந்தது. மேற்கு ஓரத்தில் பானமிண்ட் மலைத்தொடர் கோட்டைச் சுவர்போல் நிற்கிறது. அதன் மிக உயர்ந்த சிகரம் டெலஸ்கோப். உயரம் 11,049 அடி!

மலையேறுவோர் முகட்டோரமாகவே 7 மைல் நடந்து இந்த உச்சியை அடைகிறார்கள். வழியில் ராஜர்ஸ் சிகரம், பென்னட் சிகரம் என்று இரண்டு சிகரங்கள். அவற்றுக்கு நடுவே ஆர்கேன் புல்வெளி. தெற்கே, தொலைவில், மேன்லி சிகரம்.

யார் இவர்கள்?

வில்லியம் லூயிஸ் மேன்லி 1820-ல் வெர்மான்ட்டில் பிறந்தார். வேட்டையாடிப் பிழைத்தவர். கலிபோர்னியாவில் தங்கம் கிடைக்கிறது என்ற செய்தி பரவியதும், 1849-ல் அவரும் புறப்பட்டார். படகில் கிரீன் ஆற்றோடு போய்விடலாம் என்று நினைத்தார். வழியில் வாக்கரா என்ற செவ்விந்தியத் தலைவர், அந்த வழியில் போனால் ஆபத்து என்று எச்சரித்தார். மேன்லி படகை விட்டுவிட்டு நடந்தார். பழைய நண்பர் பென்னட்டின் குடும்பத்தைச் சந்தித்து, அவர்களோடு சேர்ந்துகொண்டார்.

அங்கேதான் வினை வந்தது. குறுக்கு வழி ஒன்று உண்டு என்று யாரோ சொன்னதை நம்பிப் பல வண்டிகள் பாதை மாறின.

1849 டிசம்பரில் அவர்கள் பள்ளத்தாக்கில் இறங்கினார்கள். எதிரே மலைச்சுவர். வண்டிகள் ஏற வழி இல்லை. உணவு தீர்ந்தது. மாடுகளை ஒவ்வொன்றாக அடித்துத் தின்றார்கள். பென்னட், ஆர்கேன் குடும்பங்களில் நான்கு சிறு குழந்தைகள் இருந்தன.

(திம்பிஷா ஷோஷோன் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த பூமி அது. ஊற்று எங்கே என்று அவர்களுக்குத் தெரியும். வந்தவர்களுக்குத் தெரியாது.)

உதவி தேடி இரண்டு பேர் நடந்து போவது என்று முடிவாயிற்று. மேன்லியும் ஜான் ராஜர்சும் கிளம்பினார்கள். ஒரு மாட்டின் இறைச்சி ஏறக்குறைய முழுவதும் இரண்டு தோள்பைகளில் அடங்கிவிட்டது. மாடு அவ்வளவு மெலிந்திருந்தது!

முகட்டின் மேல் ஏறி மேற்கே பார்த்தார் மேன்லி. நெஞ்சு பதறியது. மலையைத் தாண்டினால் ஊர் வரும் என்று எண்ணியிருந்தார். அங்கே மறுபடியும் பாலைவனம், அதற்கப்பால் மறுபடியும் மலை!

தாகத்தில் வாய் உலர்ந்து, இறைச்சியை விழுங்க முடியவில்லை. ஓரிடத்தில் கண்ணாடித் தகடுபோல் மெல்லிய பனிக்கட்டி கிடைத்தது. அதுதான் உயிரைக் காத்தது. மேன்லியின் கால் முடங்கியபோது, தன்னை விட்டுப் போகும்படி சொன்னார். ராஜர்ஸ் கேட்கவில்லை.

சுமார் 250 மைல் கடந்து ஒரு பண்ணையை அடைந்தார்கள். அங்கே ஸ்பானிஷ் மொழி பேசினார்கள். கைச்சாடையால் கதையைச் சொன்னார்கள். பண்ணை வீட்டு அம்மாள் நான்கு ஆரஞ்சுப் பழங்களை எடுத்து வந்து, தன் குழந்தையைக் காட்டி, பிறகு கிழக்கே காட்டினாள். நான்கு குழந்தைகளுக்கு நான்கு பழம்!

இனி மேன்லிக்கு என்ன கவலை? மனைவி இல்லை, மக்கள் இல்லை. அந்தக் குடும்பங்கள் அவருக்கு உறவும் அல்ல. ஆனாலும் இருவரும் வந்த வழியே திரும்பினார்கள்.

மூன்று குதிரைகளும், ஒற்றைக் கண் கோவேறு கழுதை ஒன்றும் உடன் வந்தன. செங்குத்தான பாறையில் குதிரைகள் ஏற முடியவில்லை. கண்ணீரோடு விட்டுவிட்டார்கள். கழுதை மட்டும் பாறை விளிம்பில் ஒட்டி ஒட்டி நடந்து மேலே வந்துவிட்டது.

இருபத்தாறு நாள் கழித்துப் பள்ளத்தாக்கில் இறங்கினார்கள். வழியில் தோழர் கல்வர்வெல்லின் பிணம் கிடந்தது. தூரத்தில் வண்டிகள் தெரிந்தன. ஆள் அரவமே இல்லை! எல்லாரும் மாண்டுவிட்டார்களோ?

மேன்லி வானத்தை நோக்கிச் சுட்டார். ஒரு வண்டியின் அடியிலிருந்து ஒருவர் எழுந்தார். பிறகு மற்றவர்கள். பென்னட்டின் மனைவி மேன்லியின் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். மற்றப் பலர் நம்பிக்கை இழந்து வேறு திசையில் போய்விட்டிருந்தார்கள். இரண்டு குடும்பங்களும் குழந்தைகளோடு காத்திருந்தன.

வண்டிகளை அங்கேயே விட்டார்கள். சட்டைகளைத் தைத்துப் பைகளாக்கி, கிரம்ப் என்ற கிழ மாட்டின் இருபுறமும் தொங்கவிட்டு, குழந்தைகளை அதில் உட்கார வைத்தார்கள். முகட்டை அடைந்து திரும்பிப் பார்த்தபோதுதான் அந்த இடத்துக்கு மரணப் பள்ளத்தாக்கு என்ற பெயர் பிறந்தது என்பார்கள். 1850 மார்ச்சில் பண்ணையை அடைந்தார்கள். குழந்தைகள் நால்வரும் பிழைத்தார்கள்.

மேன்லி 1894-ல் இந்தக் கதையைப் புத்தகமாக வெளியிட்டார். 1903-ல் காலமானார். கிரம்பை அவர் பிற்காலத்தில் ஒருமுறை பார்த்தார். கொழுத்துப் போய், மர நிழலில் படுத்திருந்தது. அதை வைத்திருந்தவர் கதை தெரிந்தவர். அதன் கழுத்தில் நுகத்தடி வைப்பதே இல்லை.