யோகியின் மூளையை அளந்த எய்ம்ஸ் பேராசிரியர்

புது தில்லி: கவனக் குறைபாட்டுக் கோளாறு உள்ள குழந்தையின் தலையில் மின்முனைகளைப் பொருத்தி, மூளை அலைகளைக் கணினித் திரையில் காட்டி, அவற்றைத் தானே சீராக்கிக்கொள்ளப் பழக்கும் நியூரோஃபீட்பேக் பயிற்சி இன்று நாட்டின் பெருநகரங்களில் தனியார் மையங்களில் அளிக்கப்படுகிறது. முப்பது, நாற்பது அமர்வுகள் வரை நீளும் இப்பயிற்சியை நாடும் பெற்றோர் பலர். உள்ளத்தின் பயிற்சியால் உடலின் தன்னியக்கத்தை ஆள முடியுமா என்ற அடிப்படைக் கேள்வியை, அரை நூற்றாண்டுக்கும் முன்பே தில்லியில் கருவிகளின் முன் நிறுத்தியவர் பேராசிரியர் பால் கிருஷ்ண ஆனந்த்.

1917-ஆம் ஆண்டு லாகூரில் பிறந்த ஆனந்த், அந்நகரின் கிங் எட்வர்ட் மருத்துவக் கல்லூரியில் பயின்றார். பிரிவினையில் லாகூர் அயல்நாடாகிவிட, தில்லி லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் உடலியல் பேராசிரியராகப் பணியாற்றினார். ராக்கஃபெல்லர் அறக்கட்டளையின் உதவித்தொகையுடன் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குச் சென்ற அவர், ஜான் புரோபெக்குடன் இணைந்து நடத்திய ஆய்வு 1951-இல் வெளியாயிற்று. மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில், பக்கவாட்டில் அமைந்த ஒரு சிறு இடத்தை இருபுறமும் சிதைத்தால், எலி உணவு எதிரே இருந்தும் உண்ணாமல் மடிகிறது என்று அவ்வாய்வு காட்டியது. பசியைத் தூண்டும் மையம் என அந்த இடம் உலகெங்கும் பாடநூல்களில் இடம்பெற்றது.

சுகாதார அமைச்சர் ராஜகுமாரி அமிர்த கௌர் மக்களவையில் முன்மொழிந்த மசோதா 1956-இல் சட்டமாகி, அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகம் (எய்ம்ஸ்) உருவானபோது, அதன் உடலியல் துறையைக் கட்டியெழுப்பும் பொறுப்பு ஆனந்திடம் வந்தது. புதிய நிறுவனத்தில் அவர் தேர்ந்துகொண்ட ஆய்வுகளுள் ஒன்று யோகம். விடுதலை பெற்ற நாட்டில் யோகத்தைப் பழம்பெருமையாகப் போற்றுவோரும் மூடநம்பிக்கை என ஒதுக்குவோரும் எதிரெதிரே நின்ற காலம் அது. ஆனந்த் இரு தரப்பிலும் சேரவில்லை. யோகிகளை ஆய்வுக்கூடத்துக்கு அழைத்தார்.

இதயத்தை நிறுத்திக் காட்டுவதாகக் கூறிய யோகிகளை, அமெரிக்க ஆய்வாளர் வெங்கர், அங்கு பணியாற்றிய பாக்சி ஆகியோருடன் இணைந்து அவர் பரிசோதித்தார். 1961-இல் வெளியான முடிவு தெளிவானது. மூச்சை அடக்கி, மார்பு, வயிற்றுத் தசைகளை இறுக்கும்போது இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைந்து, மணிக்கட்டில் நாடி மறைகிறது. இதய ஒலியும் கேளாமல் போகிறது. ஆனால், மின்வரைபடத்தில் இதயம் தொடர்ந்து துடித்துக்கொண்டே இருந்தது. நாடி பிடித்தவரின் விரல் ஏமாந்ததைக் கருவி காட்டிக்கொடுத்தது.

அதே ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வு எதிர்த்திசையில் சென்றது. காற்றுப் புகாத பெட்டிக்குள் பல மணி நேரம் அமர்ந்த ராமானந்த யோகி, ஓய்வுநிலையில் உடலுக்குக் குறைந்தபட்சம் தேவை எனக் கணக்கிடப்பட்ட அளவிலும் குறைவாகவே பிராணவாயுவைச் செலவிட்டார். இதுவும் மறைக்கப்படாமல் அச்சேறியது.

சின்னா, நரம்பியல் மருத்துவர் பல்தேவ் சிங் ஆகியோருடன் நடத்திய மூன்றாவது ஆய்வே கவனம் பற்றியது. விழித்த மனிதன் கண்மூடி ஓய்வில் இருக்கையில் மூளையில் ஆல்பா அலைகள் எழும். திடீர் ஒலியோ ஒளியோ தாக்கினால் அவை கலையும். சமாதி நிலையில் இருந்த 4 யோகிகளிடம் பேரொலி எழுப்பியும், வலிய ஒளி பாய்ச்சியும், சூடான கண்ணாடிக் குழாயால் தொட்டும் ஆல்பா அலைகள் கலையவில்லை. வேறு இரு யோகிகள் 4 டிகிரி செல்சியஸ் குளிர்நீரில் 45 முதல் 55 நிமிடங்கள் கையை வைத்திருந்தபோதும் அதே நிலை நீடித்தது. யோகம் கற்கத் தொடங்குவோரில், இயல்பிலேயே ஆல்பா அலை மிகுந்தவர்களே கூடுதல் நாட்டம் காட்டினர் என்பதையும் அக்குழு பதிவு செய்தது. கண்ட மாற்றம் பயிற்சியால் வந்ததா, பிறவி இயல்பா என்ற வினாவை எழுப்பும் குறிப்பு அது.

அமெரிக்காவில் ஜோ காமியா, தம் ஆல்பா அலையைத் தாமே உணரவும் மாற்றவும் மனிதர்களைப் பழக்கிய காலம் அது. அங்கு 1969-இல் வெளிவந்த, மனநிலைகள் குறித்த சார்லஸ் டார்ட்டின் தொகுப்பு நூலில் ஆனந்த் குழுவின் கட்டுரையும் சேர்க்கப்பட்டது. 1976-இல் டென்னசி பல்கலைக்கழகத்தின் ஜோயல் லூபார், மிகைச்செயல் கொண்ட ஒரு குழந்தைக்கு மூளை அலைப் பயிற்சி அளித்ததை வெளியிட்டார். இன்றைய மையங்களின் தொடக்கம் அங்கேதான்.

ஆனந்த் இதயத்துக்கு வைத்த சோதனை இப்பயிற்சிக்குத் தாமதமாகவே வந்தது. 7 முதல் 10 வயது வரையிலான 144 குழந்தைகளிடம் அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2021-இல் வெளியான ஆய்வில், ஒரு பிரிவினருக்கு உண்மைப் பயிற்சியும், மறுபிரிவினருக்கு வேறொரு குழந்தையின் பதிவைக் கொண்ட போலிப் பயிற்சியும் அளிக்கப்பட்டன. இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் முன்னேறினர். 38 ஆய்வுகளைத் தொகுத்து 2024-இல் வெளியான பகுப்பாய்விலும், எந்தக் குழந்தை எந்தச் சிகிச்சை பெற்றது என்றறியாதோரின் மதிப்பீட்டில் பொருட்படுத்தத்தக்க பலன் தென்படவில்லை; நிலைபெற்ற வழிமுறைகளை மட்டும் கணக்கிட்டபோது சிறிதளவு முன்னேற்றம் காணப்பட்டது.

பெற்றோருக்கான நடத்தைப் பயிற்சி, பள்ளியின் ஒத்துழைப்பு, தேவைப்படின் மருத்துவர் கண்காணிப்பில் மருந்து ஆகியனவே இன்றும் சான்று வலுவுள்ள வழிகள். நாடாளுமன்றம் 2016-இல் நிறைவேற்றிய மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடு உண்டு. கவனக் குறைபாட்டுக் கோளாறுக்குத் தனி இடமில்லை. பள்ளியில் சலுகை கேட்கச் சட்டத்தின் துணை நேரடியாகக் கிட்டாத பெற்றோருக்கு, பணம் பெற்று நம்பிக்கை தரும் மையத்தின் கதவுதான் முதலில் தென்படுகிறது.

1963-இல் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் பரிசும் 1969-இல் பத்மஸ்ரீ விருதும் பெற்ற ஆனந்த், ஸ்ரீநகரில் ஷேர்-இ-காஷ்மீர் மருத்துவ அறிவியல் கழகத்தின் நிறுவன இயக்குநராகவும் பணியாற்றி, 2007-இல் காலமானார். யோகியின் புகழ் எவ்வளவாயினும் முதலில் மின்முனையைப் பொருத்தி அளந்து, கண்டதை அப்படியே அச்சிட்டவர் அவர். அளவீட்டுக்கு உட்படுத்தப்பட்டதா, ஒப்பீட்டுக் குழு இருந்ததா என்ற இரு கேள்விகளைக் கட்டணம் செலுத்தும் முன் ஒவ்வொரு பெற்றோரும், அனுமதி வழங்கும் முன் அரசும் கேட்பதே அவரது பணிக்குச் செய்யும் மரியாதையாகும்.