இரண்டு அச்சுக்களோடு வாழ்ந்தவர்: ருடோல்ஃப் ஆக்கர்மான் (1764 - 1834)

சென்ற இலையுதிர்காலத்தில், குளிர்காலத்து ரயர்களை மாற்றும்போது, என் காரின் முன்சில்லுகள் இரண்டிலும் ரயரின் உட்புறம் மட்டும் தேய்ந்திருப்பதைக் கண்டேன். கராஜுக்குப் போகுமுன் நானே ஒருமுறை அளந்து பார்க்கலாமே என்று தோன்றியது. ஓர் ஆணி, அளவுநாடா, சோக்கட்டி, நூலில் கட்டிய ஓர் இரும்பு நட்டு. இவ்வளவுதான் கருவிகள். ஒவ்வொரு சில்லையும் தூக்கிச் சுழலவிட்டு, ஆணியை அசையாமல் பிடித்து, ரயரைச் சுற்றிவர ஒரு கோடு கீறினேன். காரை இறக்கிச் சற்றுத் தூரம் முன்னே உருட்டி, ஸ்டியரிங்கை நேராக வைத்து நிறுத்தினேன். சில்லின் மைய உயரத்தில், அக்கோட்டின் முன்பக்கத்திலிருந்தும் பின்பக்கத்திலிருந்தும் நூலைத் தொங்கவிட்டுத் தரையில் குறித்தேன். இரு சில்லுகளின் குறிகளுக்கும் இடையே முன்னால் 1,506 மில்லிமீற்றர், பின்னால் 1,500. சில்லுகள் 6 மில்லிமீற்றர் வெளிப்புறமாக விரிந்திருந்தன. உட்புறத் தேய்வுக்கு அதுவே காரணம்.

நேராக ஓடும்போது சில்லுகள் ஏறத்தாழச் சமாந்தரமாக இருக்கவேண்டும். திரும்பும்போதோ அப்படி இருக்கக்கூடாது. உட்பக்கச் சில்லு சிறிய வட்டத்திலும் வெளிப்பக்கச் சில்லு பெரிய வட்டத்திலும் ஓடுவதால், உட்சில்லு கூடுதலாகத் திரும்பவேண்டும். இந்த ஒழுங்குக்கு ஆக்கர்மான் என்று பெயர். அந்தப் பெயரைக் கண்டதும் திகைத்தேன். பழைய ஆங்கிலப் படநூல்களில் நான் பலமுறை பார்த்த பதிப்பாளரின் பெயரல்லவா அது? தேடிப் பார்த்ததில் இருவரும் ஒருவரே என்று தெரிந்தது.

ருடோல்ஃப் ஆக்கர்மான் 1764இல் ஜெர்மனியின் சாக்சனியில், ஸ்டோல்பெர்க் என்ற ஊரில், குதிரைச் சேணம் செய்பவரின் மகனாகப் பிறந்தார். தந்தையின் தொழிலைக் கற்று, பின் வண்டிகளுக்கு வடிவம் வரைபவரானார். 1780களில் இலண்டனுக்குக் குடிபெயர்ந்தார். 1795இல் ஸ்ட்ராண்ட் வீதியில் ஓவிய அச்சுக்கடை ஒன்றைத் திறந்தார். பிரெஞ்சுப் புரட்சியால் நாடிழந்து வந்த அகதிகளுக்கு அங்கே கைவேலை கொடுத்தார். 1806இல் நெல்சனின் இறுதி ஊர்வலத்தில் சென்ற வண்டியின் உருவாக்கத்திலும் அவருக்குப் பங்கிருந்தது. அவர் 1808 முதல் 1810 வரை வெளியிட்ட 'மைக்ரோகாசம் ஆஃப் லண்டன்' அக்கால நகரத்தை இன்றும் நம் கண்முன் நிறுத்துகிறது. 1809இல் தொடங்கிய அவரது மாத இதழ் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வந்தது. 1822இன் இறுதியில் அவர் வெளியிட்ட 'ஃபர்கெட் மீ நாட்' ஆங்கிலத்தில் இலக்கிய ஆண்டுமலர் என்ற வழக்கத்தையே தொடக்கிவைத்தது.

தமிழில் அச்சு என்றால் வண்டியின் அச்சும் உண்டு, நூலின் அச்சும் உண்டு. இரண்டோடும் வாழ்ந்த மனிதர் இவர்.

அன்றைய நான்குசில்லு வண்டியில் முன்அச்சு முழுவதும் நடுவிலுள்ள ஓர் ஆணியில் திரும்பும். கடுமையாகத் திருப்பினால் ஒரு சில்லு வண்டியின் அடியில் போய்விட, தாங்கும் தளம் குறுகி வண்டி கவிழும். மியூனிக்கில் பவேரிய அரசவைக்கு வண்டி செய்துவந்த கேயோர்க் லாங்கென்ஸ்பெர்கர் இதற்கு ஒரு வழி கண்டார். அச்சு அசையாமல் நிற்க, ஒவ்வொரு சில்லும் தன் பக்கத்து ஆணியில் தனியே திரும்பும். 1818இல் இதற்கான ஆங்கிலக் காப்புரிமையை அவர் சார்பில் பெற்றவர் ஆக்கர்மான். அடுத்த ஆண்டு அதை விளக்கி ஒரு நூலும் வெளியிட்டார். இலண்டன் வண்டிக்காரர்கள் பெரிதாக ஏற்கவில்லை. மருத்துவரும் கவிஞருமான எராஸ்மஸ் டார்வின் அரை நூற்றாண்டுக்கும் முன்னரே இதையொத்த அமைப்பைத் தம் வண்டிக்கு வகுத்திருந்தார் என்பதும் இன்று தெரிந்ததே. ஆக்கர்மான் 1834இல் இறந்தார். மோட்டார் வண்டிகள் வந்தபோது அந்த அமைப்பும் திரும்ப வந்தது, ஆக்கர்மானின் பெயரோடு.

இதில் எனக்கு ஒரு நெருடல் உண்டு. அவர் வெளியிட்டுப் பெரும்புகழ் பெற்ற 'டாக்டர் சின்டக்ஸ்' கவிதையை எழுதிய வில்லியம் கூம், கடனால் சிறைப்பட்டிருந்தவர். அந்நூலில் அவருடைய பெயரே இல்லை. ஆயினும் ஆக்கர்மானைப் பிறர் உழைப்பைத் திருடியவர் என்று சொல்ல எனக்கு மனமில்லை. கூமுக்குத் தொடர்ந்து வேலையும் ஊதியமும் கொடுத்தவர் அவரே. அவர் கொண்டுவந்திராவிட்டால் லாங்கென்ஸ்பெர்கரின் அமைப்பு ஆங்கிலேயர் கண்ணில் பட்டிருக்குமா என்பதும் ஐயமே. எனினும் கொண்டுவந்தவர் பெயர் நிலைத்தது; செய்தவர் பெயர் மறைந்தது. மொழிபெயர்ப்பாளர் பெயரைப் போடாத நூல்களை நாமும் படித்திருக்கிறோம்.

கராஜில் விரிவைச் சரிசெய்த பின் மீண்டும் அளந்தேன். என் காரின் முன்பின் அச்சுகளுக்கிடையே 2.7 மீற்றர்; அகலம் 1.5 மீற்றர். பின்அச்சின் நடுப்புள்ளி 6 மீற்றர் ஆரையில் திரும்பினால், ஆக்கர்மான் கணக்குப்படி உட்சில்லு ஏறத்தாழ 27 பாகையும் வெளிச்சில்லு 22 பாகையும் திரும்பவேண்டும். சில்லோடு ஒரு பலகையைச் சாய்த்து, தரையில் கோடு கீறி, மகனின் பாகைமானியால் அளந்தேன். ஒன்றிரண்டு பாகை வித்தியாசத்தில் சரியாகவே இருந்தது. குறிப்புத் தாளின் தலைப்பில் ஆக்கர்மான் என்று எழுதியிருந்தேன். அதன் பக்கத்தில் லாங்கென்ஸ்பெர்கர் என்றும் எழுதிவைத்தேன்.