அக்காவின் தலையிடி

உங்களுக்குத் தலையிடி வந்தால் அம்மா என்ன செய்வா? தண்ணி குடிக்கச் சொல்லுவா, கொஞ்ச நேரம் படுக்கச் சொல்லுவா. அநேகமான தலையிடி அதோடு போய்விடும். ரூத் என்ற பெண்ணுக்கு அது போகவில்லை. இளவயதிலிருந்தே தலையிடி வந்தது, வலிப்பும் வந்தது. அவருடைய தம்பியின் பெயர் வைல்டர் பென்பீல்ட். அவர் மூளையில் சத்திரசிகிச்சை செய்யும் வைத்தியர்.

வைல்டர் 1891ஆம் ஆண்டு அமெரிக்காவில் பிறந்தார். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் மருத்துவம் படித்தார். 1916இல், முதலாம் உலகப் போர் நடந்தபோது, அவர் போன கப்பல் கடலில் தாக்கப்பட்டது. காயத்தோடு உயிர் தப்பினார். 1928இல் கனடாவின் மொன்றியல் நகரத்துக்கு வேலைக்கு வந்தார்.

அந்த ஆண்டு டிசெம்பரில் அக்கா அவரிடம் வந்தார். அவருடைய மூளையின் முன்பக்கத்தில், வலது புறத்தில், பெரிய கட்டி ஒன்று இருந்தது.

சொந்தக்காரருக்கு வைத்தியர்கள் சத்திரசிகிச்சை செய்வது வழக்கமில்லை. மனம் குழம்பும், கை நடுங்கும். ஆனால் அந்தக் காலத்தில் மூளையில் சத்திரசிகிச்சை செய்யத் தெரிந்தவர்கள் மிகச் சிலர்தான். யோசித்துப் பாருங்கோ, உங்கட அக்கா என்றால் நீங்கள் என்ன செய்வீங்கள்?

வைல்டர் தானே செய்தார். கட்டியோடு மூளையின் ஒரு பெரிய பகுதியையும் வெட்டி எடுத்தார். அப்படியும் கட்டி முழுவதையும் எடுக்க முடியவில்லை.

ரூத் பிழைத்தார். தன் ஆறு பிள்ளைகளிடம் திரும்பிப் போனார். நன்றாகப் பேசினார், சிரித்தார். ஆனால் பதினைந்து மாதங்களுக்குப் பிறகு ஒருநாள், ஒரு விருந்தாளிக்கும் வீட்டில் நாலு பேருக்கும் இராச்சாப்பாடு செய்ய ஆசைப்பட்டார். முழு நாளும் நேரம் இருந்தது. சாப்பிடும் நேரம் வந்தபோது ஒன்றிரண்டு சாமான்தான் அடுப்பில் இருந்தது. இறைச்சியைத் தொடவே இல்லை. எதை முதல் செய்வது, எதைப் பிறகு செய்வது என்று தெரியாமல் ரூத் கலங்கிப் போய் நின்றார். திட்டம் போட்டு வேலை செய்ய மூளையின் முன்பகுதி எவ்வளவு தேவை என்பதைத் தம்பி கவனித்தார். பிறகு அதை ஒரு மருத்துவக் கட்டுரையில் எழுதினார்.

கட்டி மறுபடியும் வளர்ந்தது. இந்த முறை ஹார்வி குஷிங் என்ற பெரிய வைத்தியர் சத்திரசிகிச்சை செய்தார். அதுவும் காப்பாற்றவில்லை. 1931இல் ரூத் இறந்துவிட்டார்.

கத்தி பிடிக்கும் ஒருவரால் மட்டும் இந்த நோயை வெல்ல முடியாது என்பது வைல்டருக்கு விளங்கியது. நரம்பு வைத்தியரும், கட்டியை நுணுக்குக்காட்டியில் பார்ப்பவரும், ஆராய்ச்சி செய்பவரும் ஒரே கட்டடத்தில் இருக்க வேண்டும், தினமும் சந்தித்துப் பேச வேண்டும். அதற்காகப் பணம் கேட்டு அலைந்தார். றொக்பெல்லர் நிதியம் பன்னிரண்டு இலட்சம் டொலருக்கு மேல் கொடுத்தது. 1934இல் மொன்றியல் நரம்பியல் நிறுவனம் திறக்கப்பட்டது.

அங்கே வைல்டர் நோயாளி விழித்திருக்கும்போதே மூளையில் சத்திரசிகிச்சை செய்தார். பயப்படாதேங்கோ! தலைத்தோலை மரக்கச் செய்துவிடுவார்கள், மூளைக்கு வலி தெரியாது. சிறிய மின்சாரத்தால் மூளையின் ஒவ்வொரு இடத்தையும் மெதுவாகத் தொடுவார். கை அசைந்தால் அது கைக்கு உரிய இடம். பேச்சு நின்றால் அது பேச்சுக்கு உரிய இடம், அதை வெட்டக்கூடாது. இலக்கம் எழுதிய சின்னக் கடதாசித் துண்டுகளை அந்தந்த இடத்தில் வைப்பார். வலிப்பு நோயாளிகளுக்குத்தான் இதை அதிகம் செய்தார். இன்றைக்கு மூளைக் கட்டியை எடுக்கும்போதும் பல நாடுகளில் நோயாளியோடு இப்படிக் கதைத்துக்கொண்டே செய்கிறார்கள்.

அந்த நிறுவனத்தில் பயின்றவர்களில் ஒருவர் யேக்கப் சாண்டி. அவர் 1949இல் தமிழ்நாட்டில் உள்ள வேலூருக்குப் போய், இந்தியாவின் முதலாவது மூளைச் சத்திரசிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார்.

வைல்டர் பென்பீல்ட் 1976இல் மொன்றியலில் காலமானார். அவருடைய நிறுவனம் இன்றும் அந்த நகரத்தில், மவுன்ட் றோயல் மலைச்சரிவில் இருக்கிறது. மூளைக் கட்டி உள்ளவர்கள் இன்றும் அங்கே போகிறார்கள்.