ஒரு பென்னி தபாலில் ஆரம்பித்த ஆன்லைன் கோர்ஸ்... யார் இந்த ஐசக் பிட்மன்?

ஸ்வயம், என்.பி.டி.இ.எல், கோர்ஸெரா, எட்எக்ஸ்... ஏதாவது ஒன்றில் நீங்களும் ஒரு அறிமுக கோர்ஸுக்குப் பதிவு செய்திருப்பீர்கள். பைத்தான், பொருளாதாரம், உளவியல், எதுவாகவும் இருக்கலாம். நடைமுறை எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். பாடம் வரும், அசைன்மென்ட் அனுப்ப வேண்டும், அது திருத்தப்பட்டுத் திரும்பி வரும். ஆசிரியரை நேரில் பார்க்கவே மாட்டோம்.

இந்த நடைமுறை இன்டர்நெட்டோடு பிறந்தது இல்லை. 1840-லேயே இங்கிலாந்தில் ஒருத்தர் இதைத் தபாலில் நடத்திக்காட்டினார். அவர் பெயர் நம் ஊருக்குப் புதுசும் இல்லை. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் பக்கம் போன அம்மா, அத்தை யாரிடமாவது கேட்டுப் பாருங்கள், பிட்மன் என்றதுமே ஷார்ட்ஹேண்ட் என்பார்கள். அந்த பிட்மனேதான்!

13 வயதில் நின்றுபோன படிப்பு

ஐசக் பிட்மன் பிறந்தது 1813 ஜனவரி 4. ஊர், இங்கிலாந்தின் வில்ட்ஷயர் பகுதியில் இருக்கும் ட்ரோபிரிட்ஜ். நெசவுத் தொழில் நடந்த ஊர் அது. அப்பா சாமுவேல் பிட்மன் துணி ஆலையில் மேற்பார்வையாளர். வீட்டில் மொத்தம் 11 பிள்ளைகள். காற்றே இல்லாத, நெரிசலான வகுப்பறையில் ஐசக் அடிக்கடி மயங்கி விழுந்திருக்கிறார். 13 வயதில் பள்ளியை விட்டு நின்று, ஆலையில் கிளார்க் வேலைக்குப் போய்விட்டார்.

அதன் பிறகு படித்ததெல்லாம் சொந்த முயற்சியில்தான். அதில் அவருக்கு ஒரு சிக்கல் வந்தது. புத்தகத்தில் பார்த்துக் கற்றுக்கொண்ட சொற்களைச் சரியாக உச்சரிக்கத் தெரியவில்லை. ஆங்கிலத்தில் எழுத்து ஒன்று, சத்தம் வேறொன்று. தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு முதல் முறையாக ஆபீஸ் மீட்டிங்கில் பேசியவர்களுக்கு இந்த அவஸ்தை புரியும். ஐசக் ஓர் உச்சரிப்பு அகராதியை எடுத்துவைத்துக்கொண்டு சொல் சொல்லாகத் திருத்திக்கொண்டார். எழுத்துக்கும் ஒலிக்கும் நடுவே இருக்கும் இந்த இடைவெளி கடைசிவரை அவரை விடவில்லை.

1831-ல் லண்டனில் சில மாதங்கள் மட்டும் ஆசிரியர் பயிற்சி. அடுத்த வருஷம் பார்ட்டன்-அபான்-ஹம்பர் என்ற ஊரில் பள்ளி ஆசிரியர். பிறகு வாட்டன்-அண்டர்-எட்ஜ். அங்கே ஸ்வீடன்போர்க் என்ற ஸ்வீடன் நாட்டு இறையியலாளரின் கருத்துகளைப் பின்பற்றும் 'நியூ சர்ச்' சபையில் சேர்ந்தார். பள்ளி நிர்வாகத்துக்கு இது பிடிக்கவில்லை, வேலை போனது. ஆனாலும் அவர் நம்பிக்கையை விடவில்லை. அதே ஊரில் சொந்தமாக ஒரு சின்னப் பள்ளி ஆரம்பித்தார்.

கோடு தடிச்சா 'பி', மெலிஞ்சா?

சுருக்கெழுத்து பிட்மனின் கண்டுபிடிப்பு அல்ல. அவருக்கு முன்பே பல முறைகள் இருந்தன. நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் நாடாளுமன்ற நிருபராக இருந்தபோது பயன்படுத்தியது கர்னி முறை. பிட்மனே முதலில் கற்றது சாமுவேல் டெய்லரின் முறையைத்தான். அதை எளிமைப்படுத்தி மலிவு விலையில் புத்தகமாகப் போடலாம் என்று பதிப்பாளர் சாமுவேல் பாக்ஸ்டரிடம் கேட்டார். ஏற்கெனவே இருப்பதையே திரும்பப் போடுவதற்குப் பதில் சொந்தமாக ஒன்றை உருவாக்கலாமே என்ற யோசனை அங்கிருந்துதான் வந்தது.

விளைவு, 1837 நவம்பரில் வெளிவந்த 'ஸ்டெனோகிராபிக் சவுண்ட்-ஹேண்ட்'. சின்னப் புத்தகம், விலை நான்கு பென்ஸ். ஸ்பெல்லிங்கை மறந்துவிட்டு காதில் விழும் ஒலியை எழுது என்பதுதான் அதன் அடிப்படை. இன்னொரு புத்திசாலித்தனமும் அதில் உண்டு. நெருக்கமான ஒலிகளுக்கு ஒரே கோடு. மெலிதாகப் போட்டால் 'பம்பரம்' என்பதில் வரும் முதல் ப, அழுத்திப் போட்டால் நடுவில் வரும் ப. த, ட, க வகை ஒலிகளுக்கும் இப்படித்தான். உயிரொலிகளுக்குப் புள்ளியும் சின்னக் கோடும். வேகமாக எழுதும்போது பெரும்பாலும் அவற்றையும் விட்டுவிடலாம். ஒரே 'ப'வை இடத்துக்கு ஏற்ப இரண்டு விதமாக வாசித்தே வளர்ந்த நமக்கு இதில் பெரிய ஆச்சரியம் இருக்காது. ஸ்பெல்லிங்கை மனப்பாடம் செய்தே வளர்ந்த ஆங்கிலேயர்களுக்கு இது புதுசு.

ஒரு பென்னியில் மாறிய கதை

புத்தகம் போட்டாச்சு. ஆனால், சுருக்கெழுத்தைப் படித்து மட்டும் கற்றுக்கொள்ள முடியாது. எழுதிப் பார்க்க வேண்டும், தப்பை யாராவது காட்ட வேண்டும். ஆசிரியர் இருப்பது ஒரு ஊரில், படிக்க விரும்புகிறவர்கள் நாடு முழுக்க. என்ன செய்வது?

1840-ல் பிரிட்டனில் ரோலண்ட் ஹில் முன்வைத்த தபால் சீர்திருத்தம் அமலுக்கு வந்தது. அதுவரை தூரத்தையும் தாள்களின் எண்ணிக்கையையும் வைத்துக் கட்டணம் போட்டார்கள். பெரும்பாலும் கடிதத்தைப் பெறுகிறவர்தான் காசு கொடுக்க வேண்டும். புதிய முறையில், அரை அவுன்ஸ் வரை உள்ள கடிதம் நாட்டுக்குள் எந்த ஊருக்குப் போனாலும் ஒரே பென்னி, அதையும் அனுப்புகிறவரே கட்டிவிடலாம். ஜியோ வந்த புதிதில் டேட்டா விலை விழுந்ததே, கிட்டத்தட்ட அந்த மாதிரி ஒரு திருப்பம் இது.

அதற்கு முந்தைய வருஷம்தான் பிட்மன் பாத் நகரத்துக்குக் குடிவந்திருந்தார். வாய்ப்பை உடனே பிடித்துக்கொண்டார். தன் முறை முழுவதையும் ஒரே தாளில் அடக்கி, கடித உறைக்குள் வைத்து அனுப்புகிற மாதிரி அச்சடித்தார். அதன் பெயரே 'பென்னி பிளேட்'. கூடவே ஒரு அறிவிப்பு. யார் வேண்டுமானாலும் தபாலில் பாடம் கற்கலாம், திருத்தித் தர கட்டணம் இல்லை, தபால் செலவு மட்டும் மாணவருடையது. பைபிளில் இருந்து ஒரு டஜன் வசனங்களைச் சுருக்கெழுத்தில் எழுதி அனுப்ப வேண்டும், திருத்தம் போட வரிகளுக்கு நடுவே இடம் விட வேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை.

பைபிள் ஏன்? பிட்மனின் பக்தி ஒரு காரணமாக இருக்கலாம். நடைமுறையிலும் அது வசதி. அன்றைய ஆங்கிலேயர் வீட்டில் வேறு புத்தகம் இல்லாவிட்டாலும் பைபிள் இருக்கும். பாடநூல் அனுப்பும் செலவு மிச்சம்.

தபாலில் பாடம் என்ற யோசனை அவருடையது மட்டுமில்லை. 1728-லேயே காலெப் பிலிப்ஸ் என்பவர் பாஸ்டனில் ஒரு பத்திரிகையில் இப்படி விளம்பரம் கொடுத்திருக்கிறார். அவர் சொல்லித்தருவதாகச் சொன்னதும் சுருக்கெழுத்துதான்! ஆனால், மாணவர் எழுதியதை வாங்கித் திருத்தித் திருப்பி அனுப்பும் சுழற்சியைப் பெரிய அளவில் ஓட்டிக்காட்டியவர் பிட்மன். தொலைதூரக் கல்வியின் வரலாற்றில் அவர் பெயர் முதல் பக்கத்திலேயே வருவதற்கு இந்தத் திருத்தம்தான் காரணம்.

கடிதங்கள் குவிய ஆரம்பித்ததும் ஒரு ஆளால் சமாளிக்க முடியவில்லை. 1843-ல் ஒரு சங்கம் உருவானது. ஏற்கெனவே கற்றுத் தேறியவர்கள் புதியவர்களின் பயிற்சித் தாள்களைத் திருத்தித் தந்தார்கள், அதுவும் இலவசமாக. இன்றைய பெரிய ஆன்லைன் கோர்ஸ்களில் சக மாணவர்களே ஒருவருக்கொருவர் மதிப்பெண் போடும் ஏற்பாட்டைப் பார்த்திருப்பீர்கள். 2011-ல் ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர்கள் நடத்திய செயற்கை நுண்ணறிவு அறிமுக கோர்ஸுக்குச் சுமார் 1.6 லட்சம் பேர் பதிவு செய்தபோதும் இதே கேள்விதான் எழுந்தது. இத்தனை பேருடைய விடைகளை யார் திருத்துவது? அங்கே கம்ப்யூட்டர் திருத்தியது. பிட்மனிடம் மனிதர்கள் மட்டும்தான் இருந்தார்கள்.

தம்பியோடு முட்டல்

பிட்மன் சகோதரர்கள் இந்த முறையைக் கடல் தாண்டியும் கொண்டுபோனார்கள். ஜேக்கப் ஆஸ்திரேலியா போனார். பென் அமெரிக்கா போனார். 1865-ல் ஆபிரகாம் லிங்கன் கொலைச் சதி விசாரணையைச் சுருக்கெழுத்தில் பதிவு செய்யும் பொறுப்பு இந்த பென்னிடம்தான் இருந்தது.

ஆனால், ஐசக்குக்கு ஒரு பழக்கம். செய்ததைத் திரும்பத் திரும்ப மாற்றிக்கொண்டே இருப்பார். ஒவ்வொரு பதிப்பிலும் ஏதாவது திருத்தம். 1850-களின் பிற்பகுதியில் உயிரொலிக் குறிகளின் இட வரிசையையே தலைகீழாக்கினார். கஷ்டப்பட்டுக் கற்று வேலையில் இருந்தவர்களுக்கு இது பெரிய தலைவலி. அமெரிக்காவில் பென் பழைய வரிசையையே வைத்துக்கொண்டார். ஒரே பெயரில் இரண்டு முறைகள், அண்ணன் தம்பிக்குள் விரிசல். இந்த விஷயத்தில் தம்பி பக்கம்தான் நியாயம் அதிகம் என்று தோன்றுகிறது. லட்சியவாதிக்கு அப்டேட் சந்தோஷம். அதை வைத்துச் சம்பாதிப்பவருக்கு அப்படி இல்லை.

உண்மையில் ஐசக்கின் மனசு சுருக்கெழுத்தில்கூட முழுசாக இல்லை. ஆங்கில ஸ்பெல்லிங்கையே ஒலிப்படி மாற்றிவிட வேண்டும் என்பதுதான் பெரிய கனவு. அலெக்சாண்டர் எல்லிஸ் என்ற அறிஞரோடு சேர்ந்து 1840-களில் புதிய எழுத்துகளை உருவாக்கினார், அந்த எழுத்தில் அச்சடித்தார், பத்திரிகையே நடத்தினார். சுருக்கெழுத்தில் வந்த பணத்தை இதில் கொட்டினார். யாரும் மாறவில்லை. இங்கிலாந்து இன்றும் 'நைஃப்' என்று சொல்லிவிட்டு முன்னால் ஒரு 'கே'வை எழுதிக்கொண்டுதான் இருக்கிறது.

மது, புகை இல்லாத, சைவம் மட்டும் சாப்பிட்ட ஐசக்குக்கு விக்டோரியா மகாராணி 1894-ல் சர் பட்டம் கொடுத்தார். மகன்கள் ஆல்ஃபிரெடும் எர்னஸ்டும் தொழிலை ஏற்றார்கள். 1870-ல் லண்டனில் ஆரம்பித்த பிட்மன் பள்ளி, வணிகப் பாடங்கள் சொல்லித்தரும் கல்லூரியாக வளர்ந்தது. வகுப்புக்குப் போகாமலேயே தேர்வெழுதிப் பட்டம் வாங்கும் வழியை லண்டன் பல்கலைக்கழகம் 1858-லேயே திறந்துவிட்டிருந்தது.

1897 ஜனவரி 22-ல் பாத் நகரில் பிட்மன் இறந்தார். அதற்கு ஏழு வருஷம் முன்பே போய்ச்சேர்ந்திருந்தார் அண்ணன் ஜேக்கப். அவருடைய கல்லறை சிட்னியில் இருக்கிறது. அதன் கல்வெட்டு வாசகம் செதுக்கப்பட்டிருப்பது தம்பி கனவு கண்ட அதே ஒலிவழி ஸ்பெல்லிங்கில்.