23ஆம் இலக்கச் சிவப்புக் காரும் அதை ஓட்டியவரும்

புலம்பெயர் நாடொன்றிலிருந்து விடுமுறையில் யாழ்ப்பாணம் வந்த நண்பரொருவர், தம் மகனின் விளையாட்டுக் காரை எமக்குக் காட்டினார். உண்மைக் காரின் 32இல் ஒரு பங்கு அளவு. தடத்தில் வெட்டப்பட்ட பள்ளத்தில் காரின் அடியிலுள்ள முனையைச் செருகினால், இருபுறக் கம்பிகளிலிருந்து மின்சாரம் பெற்று ஓடும். இவற்றைச் சேகரிப்பதற்கென்றே உலகெங்கும் ஆட்கள் உளர். காரின் சிவப்பு உடலில் 23 என்ற இலக்கம் இருந்தது. 1967 பெப்ரவரியில் அமெரிக்காவின் டேடோனா 24 மணி நேரப் பந்தயத்தில் வென்ற பெராறி 330 பி4 காரின் மாதிரி அது. அதனை நியூசிலாந்தின் கிறிஸ் ஏமனுடன் முறைவைத்து ஓட்டியவர் லொறென்சோ பண்டினி.

பண்டினி 1935 டிசம்பரில் லிபியாவின் பார்சே நகரில் இத்தாலியப் பெற்றோருக்குப் பிறந்தார். லிபியா அப்போது இத்தாலியின் குடியேற்ற நாடு. உமர் முக்தார் தூக்கிலிடப்பட்டு நான்கு ஆண்டுகளே கடந்திருந்தன. அந்த ஆட்சியின் பாவத்தை அங்கு பிறந்த குழந்தையின் கணக்கில் எழுதுவது முறையாகாது. குடும்பம் இத்தாலி திரும்பியது. இளமையிலேயே தந்தையை இழந்த பண்டினி, மிலான் நகரக் கராஜ் ஒன்றில் வேலை பழகினார். பின்னாளில் அக்கராஜ் உரிமையாளரின் மகளையே மணந்தார்.

1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் மொறிஸ் மைனரையும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜையும் மண்ணெண்ணெயில் ஓடவைத்த மெக்கானிக்குகளைக் கண்டவர்கள் நாம். எண்ணெய் படிந்த கைகளிலிருந்து எழுந்த இந்த வாழ்வை விளங்கிக்கொள்வது எமக்குக் கடினமன்று.

1963இல் லூடோவிக்கோ ஸ்கார்பியொற்றியுடன் இணைந்து லு மான் 24 மணி நேரப் பந்தயத்தை பெராறி 250 பி காரில் வென்றார். அதே ஆண்டு பெப்ரவரியில்தான் அவர் பிறந்த பார்சே நகரைப் பூகம்பம் தரைமட்டமாக்கியது. 1964இல் ஒஸ்திரியப் பந்தயத்தில் கிடைத்ததே போர்மியூலா வண் போட்டிகளில் அவரது ஒரே வெற்றி. 1965இல் சிசிலியின் தார்கா புளோறியோவும் அவர் வசமாயிற்று. ஆயினும் டேடோனாவே சிகரம். முந்திய ஆண்டு லு மானில் முதல் மூன்று இடங்களையும் பிடித்த போர்ட் நிறுவனத்துக்கு, அதன் சொந்த மண்ணிலேயே முதல் மூன்று இடங்களையும் பிடித்து பெராறி பதிலளித்தது.

மூன்று மாதங்களின் பின், 1967 மே 7ஆம் திகதி, மொனாக்கோ பந்தயம். 100 சுற்றுகளில் 82ஆவது சுற்று. இரண்டாமிடத்தில் வந்துகொண்டிருந்த பண்டினியின் கார் துறைமுகத்தருகே வளைவில் மோதிக் கவிழ்ந்து தீப்பற்றியது. பாதுகாப்புக்கென அடுக்கப்பட்டிருந்த வைக்கோல் கட்டுகளே தீக்கு இரையாகி அதனை வளர்த்தன. அவரை வெளியே எடுக்கச் சில நிமிடங்கள் சென்றன. கடும் எரிகாயங்களுடன் மே 10ஆம் திகதி உயிர் பிரிந்தது. வயது 31.

அவரைக் கொன்றது வேகம் என்று எழுதியோர் பலர். வைக்கோலும், தீயணைப்பில் நேர்ந்த தாமதமும் என்றே நாம் கருதுகிறோம். அடுத்த ஆண்டே மொனாக்கோவில் சுற்றுகள் 80ஆகக் குறைக்கப்பட்டன. வைக்கோல் கட்டுகள் பின்னர் தடைசெய்யப்பட்டு, உலோகத் தடுப்புகள் அவற்றின் இடத்துக்கு வந்தன. ஓட்டுநர்கள் நெடுங்காலமாகக் கேட்டுவந்தவற்றைச் செய்விக்க ஓர் இளைஞனின் சாவு தேவைப்பட்டது.

அன்று மாலை நண்பரின் மகன் விறாந்தையில் தடத்தை விரித்தான். வளைவில் வேகம் மிகுந்ததும் கார் பள்ளத்திலிருந்து துள்ளிக் கவிழ்ந்தது. திறந்த இருக்கையில் தலைக்கவசத்துடன் இருந்த சிற்றுருவத்துக்கு ஏதும் ஆகவில்லை. சிறுவன் காரை எடுத்துத் துடைத்து, மீண்டும் தடத்தில் வைத்தான்.