மாயூரம் முன்சீப்பு வேதநாயகம் பிள்ளை

வழக்கென ஒன்று வந்துற்றபின் ஒரு குடும்பத்தில் உறக்கம் இராது. இதனை நம் சங்கத்துக் குடும்பங்கட்கு நாம் எடுத்துரைத்தல் வேண்டா. திருப்பெரும்பூதூரிலும் ஒரகடத்திலும் ஏரி நீர் பாய்ந்த கழனிகள் தொழிற்பேட்டைகளாய் மாறின. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனத்தார் கார் செய்யத் தொடங்கினர். 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் தொழிற்சாலை எழுந்தது. நிலத்தின் விலை ஏற ஏற, உடன்பிறந்தாரிடையே பாகவழக்கும் ஈட்டுத்தொகை வழக்கும் உடன் ஏறின. மன்றத்தில் தம் வக்கீல் தம் பொருட்டு என்ன சொன்னார், எதிர்வக்கீல் என்ன மறுத்தார், நியாயாதிபதி எதனை ஏற்றார் என்பது ஒன்றும் அறியாமல், அடுத்த வாய்தாத் தேதியை மட்டும் ஒரு துண்டுத்தாளில் வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் பெரியோரை நாம் காண்கின்றோம். இந்நிலையை நூற்றறுபது ஆண்டுகட்கு முன்னரே நியாயாசனத்தில் அமர்ந்து கண்டு வருந்தி, அதற்கு மருந்தும் தேடிய ஒருவரது வரலாற்றை இத்திங்கள் எழுதப் புகுகின்றோம். அவர் நம் மரபினரோ என வினவும் அன்பர்கட்கு, அல்லர் என்பதே விடை. நம் மரபினரைப் பற்றி எழுதத் திங்கள் பல உள.

திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில், 1826-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 11-ஆம் நாள், சவரிமுத்துப் பிள்ளைக்கும் ஆரோக்கிய மரியம்மாளுக்கும் மகனாய் வேதநாயகர் பிறந்தார். கத்தோலிக்கக் குடும்பம். தமிழையும் ஆங்கிலத்தையும் தியாகராய பிள்ளை என்பாரிடம் கற்றார். அவ்வாசிரியர் திருச்சி நியாயத்தலத்தில் மொழிபெயர்ப்பாளராய் இருந்தவர். மாணாக்கரும் அவ்வழியே சென்றார்; முதலில் அந்நியாயத்தலத்தின் பத்திரக் காப்பாளராகவும், பின்னர் மொழிபெயர்ப்பாளராகவும் அமர்ந்தார்.

மொழிபெயர்ப்பாளர் வேலை சிறிதெனக் கருதுவோர் உளர். நாம் அங்ஙனம் கருதுவதில்லை. குடியானவன் ஒருவன் தமிழில் அழுது சொல்வதை ஆங்கில நீதிபதியின் செவிக்குக் கொண்டு சேர்ப்பவர் அவரே. ஒரு சொல் பிறழ்ந்தால் ஓர் உயிர் பிறழலாம். ஒரு காணி கைமாறலாம். உண்மைக்கும் தீர்ப்புக்கும் இடையே மொழி என்றொரு மதில் நிற்பதை வேதநாயகர் இப்பணியிலேதான் உணர்ந்திருத்தல் வேண்டும் என்பது நம் துணிபு.

1857-இல் தரங்கம்பாடிக்கு முன்சீப்பாக நியமனம் பெற்றார். அந்நாளில் இந்தியர் எய்தக்கூடிய உயர்பதவிகளுள் அஃதொன்று. பின்னர்ச் சீகாழியிலும் மாயூரத்திலும் அப்பதவியை வகித்தார். மாயூரத்தின் பெயரே அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. சீகாழியில் இருந்தபொழுது மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் நட்புக் கிடைத்தது. அப்பெரியார் இவர்மீது குளத்துக்கோவை பாடினார். திருவாவடுதுறை ஆதீனத்துச் சுப்பிரமணிய தேசிகரும் இவருக்கு நண்பர். கிறித்தவ முன்சீப்பும் சைவத் தம்பிரானும் தமிழால் ஒன்றியிருந்த காலம் அது.

பதவியேற்ற இரண்டாம் ஆண்டிலேயே, அதாவது 1859-இல், நீதி நூலை வெளியிட்டார். கைக்கூலி வாங்குவோரைக் கடிந்து அதிலே ஓர் அதிகாரம் அமைத்திருக்கின்றார். நியாயாசனத்தில் இருந்துகொண்டே தம் துறையாரின் நோயைப் பாட்டில் எடுத்துக் காட்டுதற்கு எத்துணை நெஞ்சுரம் வேண்டுமென்பதை உத்தியோகத்தில் உள்ள அன்பர்கள் அறிவார்கள்.

எனினும் நாம் எல்லாவற்றினும் மேலாக மதிப்பது அவரது வேறொரு நூலையே. அக்காலத்தில் சென்னைச் சதர் கோர்ட்டின் தீர்ப்புகளே கீழ் நியாயத்தலங்கட்கு வழிகாட்டி. அவை ஆங்கிலத்தில் இருந்தன. ஆங்கிலமறியாத கட்சிக்காரர், தம் வழக்கினை ஒத்த வழக்கில் முன்னர் என்ன தீர்ப்பாயிற்று என்பதை வக்கீல் வாய்க்கேட்டு நம்புவதன்றி வேறு வழியிலர். வக்கீல் நல்லவராயின் நன்று. அல்லராயின், இல்லாத தீர்ப்பையும் உண்டென்று கூறிப் பணம் பறிக்கலாம். வேதநாயகர் 1805 முதல் 1861 வரையிலான தீர்ப்புகளைத் தமிழிற் பெயர்த்துச் சித்தாந்த சங்கிரகம் என்னும் பெயரால் 1862-இல் அச்சிட்டார். சென்னையில் உயர் நியாயத்தலம் நிறுவப்பெற்றுச் சதர் கோர்ட்டு அதனுள் அடங்கியதும் அவ்வாண்டிலேயே. வக்கீலின் பெட்டிக்குள் கிடந்த சட்டத்தைக் கட்சிக்காரரின் திண்ணைக்குக் கொணர்ந்தார் என இதனைச் சொல்லலாம்.

1879-இல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரம் தமிழின் முதல் நாவலென்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். அதிலுள்ள நியாயத்தலச் செய்தியை அறிந்தவர் சிலரே. கதாநாயகன் விக்கிரமபுரி என்னும் ஊரிலே, அறுந்த பாதரட்சையைத் தைக்கக் கொடுக்கின்றான். கூலி இவ்வளவென்று பேசாமல், தைப்பவனைச் சந்தோஷப்படுத்துவதாக வாக்களித்து விடுகின்றான். எவ்வளவு கொடுத்தும் அவன் சந்தோஷமுண்டாகவில்லை என்கின்றான். வழக்காகிறது. சொல்லைப் பிடித்துக்கொண்டு பொருளை விட்டுவிடும் அந்நியாயத்தலம் பிரதாபனைச் சிறைக்கு அனுப்புகின்றது. பின்னர் ஆண்வேடத்தில் அவ்வூருக்கு அரசனாகும் அவன் மனைவி ஞானாம்பாள், தான் பட்டம் பெற்றதில் சந்தோஷமுண்டா என அத்தொழிலாளியை வினவுகின்றாள். உண்டென்கின்றான். சந்தோஷம் உண்டாயிற்றாதலின் கடன் தீர்ந்தது. நகைச்சுவைக் கதைதான், ஆயினும் எழுத்தைக் காட்டி உண்மையை மறைப்பாரின் வாயை அவ்வெழுத்தைக் கொண்டே அடைக்கும் முறையைப் பல ஆண்டுகள் வழக்குக் கேட்ட ஒருவரே எழுதவல்லார்.

அந்நூலிலேயே வக்கீல்களைப் பற்றியும் பேசுகின்றார். நியாயாதிபதியும் தமிழர், வக்கீலும் தமிழர், கட்சிக்காரரும் தமிழராயிருக்க, வாதம் மட்டும் ஆங்கிலத்தில் நடப்பது எவர் பொருட்டு என்பது அவர் வினா. வக்கீல் தொழிலை அவர் வெறுத்தாரல்லர்; நாமும் வெறுக்கவில்லை. நம் குடும்பங்களிலும் அத்தொழிலை நேர்மையுடன் நடத்தும் இளைஞர் உளர். ஆனால் ஈட்டுத்தொகையில் இத்தனை பங்கு தமக்கென்று பேசிக்கொள்ளும் வழக்கம் சிலரிடம் உண்டெனக் கேள்விப்படுகின்றோம். வழக்கின் பயனில் பங்கு கொள்வதை வக்கீல்களின் ஒழுக்க விதிகளே விலக்கியிருக்கின்றன என்பதை அன்பர்கள் மனத்திற் கொள்க.

வேதநாயகரின் வினாவிற்கு விடை மெதுவாகவே வந்தது. 1956-இல் தமிழ் ஆட்சிமொழியாயிற்று. 1976-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் கீழ் நியாயத்தலங்கட்கும் தமிழை உரியதாக்கிற்று. உயர் நியாயத்தலத்தில் ஆங்கிலமே இருத்தல் வேண்டுமென்பது அரசியலமைப்பின் 348-ஆம் உறுப்பு. அங்கும் தமிழ் வேண்டுமெனச் சட்டமன்றம் 2006-இல் தீர்மானம் செய்தும் அது நிறைவேறிற்றில்லை. 2023 முதல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் சில தமிழிலும் பெயர்த்து வெளியிடப்படுகின்றன. திருப்பெரும்பூதூர் நியாயத்தலத்தில் தமிழில் மனுச் செய்யவும், தமிழில் தீர்ப்புக் கேட்கவும் சட்டத்தில் இடமிருக்க, கேட்பதற்கே அஞ்சுகின்றோம்.

வேதநாயகர் 1872-இல் பதவியை விட்டு விலகினார். மாயூரம் நகரசபைத் தலைவராயும் இருந்து தொண்டாற்றினார். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும் பஞ்சத்தில் தம் பொருளையெல்லாம் பசித்தார்க்குக் கஞ்சியாக்கினார். அதனைக் கண்ட கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் புகழ்ந்து கீர்த்தனம் ஒன்று பாடினார். எல்லாச் சமயத்தாரும் ஒருங்கே பாடத்தக்க சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளை 1878-இல் வெளியிட்டார். பெண்கல்வியைப் பற்றியும் எழுதினார். 1887-இல் சுகுணசுந்தரி என்னும் இரண்டாம் நாவலும் வந்தது. 1889-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 21-ஆம் நாள், 63 வயது நிரம்புவதற்கு முன்னரே, மாயூரத்தில் காலமானார்.